மைனி மறுபடியும் சண்டை போட்ட நாள்



எனக்குப் புற்றுநோய். இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர்களின் குரல் இறங்கிவிடும். என் கையைப் பிடித்துக்கொண்டு, "தைரியமா இருங்க, எல்லாம் சரியாயிரும்" என்பார்கள். அப்புறம் என்ன பேசுவது என்று தெரியாமல் சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்ப்பார்கள். அவர்களுடைய அன்பில் எனக்குத் துளியும் சந்தேகம் கிடையாது. ஆனால் அந்தக் காலண்டரைப் பார்க்கும் நேரம் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எனக்கு வந்திருப்பது ஹாட்ஜ்கின் லிம்போமா. நிணநீர்க் கணுக்களில் தொடங்குகிற நோய் இது. லண்டன் கைஸ் மருத்துவமனையில் இருந்த தாமஸ் ஹாட்ஜ்கின் என்ற மருத்துவர் 1832-ல் இதைப் பற்றி எழுதினார். அவர் பெயரே நோய்க்கும் நிலைத்துவிட்டது. மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும் நோய். பலர் முழுவதும் குணமாகித் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு முதல் சிகிச்சையில் அடங்கி, பிறகு திரும்பி வந்தது. இரண்டாவது முறையும் சிகிச்சை முடித்து, இப்போது ஒரு ஸ்கேனுக்கும் அடுத்த ஸ்கேனுக்கும் நடுவில் வாழ்ந்துகொண்டிருக்கிறேன்.

ஆரம்பம் கழுத்தில் ஒரு நெல்லிக்காய் அளவுக் கட்டி. வலி கிடையாது. கூடவே சாயங்காலக் காய்ச்சல், ராத்திரியில் தலையணை நனைகிற வேர்வை, எடை குறைவு. இந்த அடையாளங்களைச் சொன்னால் நம் நாட்டில் எந்த டாக்டருக்கும் முதலில் டீபி ஞாபகம்தான் வரும். எனக்கும் டீபி மாத்திரைதான் எழுதினார்கள். கணுவை எடுத்துப் பரிசோதிக்கவில்லை. கட்டி பெரிதானதுதான் மிச்சம். பிறகு வேறொரு டாக்டர் ஒரு கணுவை முழுதாக எடுத்து பயாப்சிக்கு அனுப்பியபோதுதான் விஷயம் தெரிந்தது. வானொலியில் பேசுவதால் இதை அழுத்திச் சொல்லிவிடுகிறேன்: வீட்டில் யாருக்காவது கழுத்திலோ அக்குளிலோ கட்டி வந்து, சில வாரமாகியும் கரையவில்லை என்றால், வலிக்கவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். ஊசி போட்டு உறிஞ்சிப் பார்த்தால் மட்டும் போதுமா, கணுவையே எடுத்துப் பார்க்க வேண்டுமா என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

கீமோ என்றதும் எல்லாருக்கும் சினிமாவில் பார்த்த மொட்டைத் தலைதான் நினைவுக்கு வருகிறது. உண்மையில் கீமோ என்பது பெரும்பாலும் காத்திருப்பு. காலையில் ரத்தம் கொடுக்க வேண்டும். வெள்ளை அணு எண்ணிக்கை வரவேண்டும். அதை "கவுண்ட்" என்போம். "உங்களுக்குக் கவுண்ட் எவ்வளவு?" என்றுதான் அங்கே ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வோம். கவுண்ட் நன்றாக இருந்தால்தான் மருந்து. அப்புறம் ஊசிக்கு நரம்பு தேட வேண்டும். என் இடது கையில் நரம்பெல்லாம் கெட்டிப்பட்டு, சிஸ்டர் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துத் தட்டித் தட்டித் தேடுவார்.

எனக்கு நான்கு மருந்து, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. 1970-களில் இத்தாலியின் மிலான் நகரத்து மருத்துவர்கள் வகுத்த முறை. இன்றைக்கும் உலகம் முழுக்கக் கொடுக்கிறார்கள். முதலில் சிவப்பு மருந்து. நன்னாரி சர்பத் நிறத்தில் பெரிய சிரிஞ்சில் இருக்கும். அதை டிரிப்ஸில் தொங்கவிட்டுப் போய்விட மாட்டார்கள். நரம்புக்கு வெளியே கசிந்தால் சதை வெந்துவிடும் என்பதால், சிஸ்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு என் அருகிலேயே உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுவார். மருந்து போன பிறகு சிறுநீர் சிவப்பாகப் போகும். முன்பே சொல்லி வைக்காவிட்டால் ரத்தம் என்று பயந்துவிடுவோம். நான்காவது மருந்துக்கு வெளிச்சம் ஆகாது. பையைக் கறுப்புக் காகிதத்தில் சுற்றி மாட்டுவார்கள். அது இறங்கும்போது கை முழுக்க எரியும்.

இந்த மருந்துகள் எங்கிருந்து வந்தன என்று படிக்கப் படிக்க எனக்குப் பிரமிப்புதான். சிவப்பு மருந்தின் வம்சம், தென் இத்தாலியில் ஒரு பழைய கோட்டை அருகே எடுத்த மண்ணில் இருந்த நுண்ணுயிரிலிருந்து வந்தது. மூன்றாவது மருந்தான வின்பிளாஸ்டின் நித்தியகல்யாணியிலிருந்து வந்தது! ஆமாம், எங்கள் ஊர்ச் சுடுகாட்டு ஓரத்திலும் கிணற்று மேட்டிலும் தண்ணீர் ஊற்றாமலே பூத்துக் கிடக்கிற, ஆடுகூட வாய் வைக்காத அதே செடி. ஜமைக்கா தீவிலிருந்து இதன் இலைகள் கனடாவுக்குப் போயின. சர்க்கரை நோய்க்கு ஜமைக்காவில் கைமருந்தாகக் குடிக்கிறார்களே, கேட்கிறதா பார்ப்போம் என்று ராபர்ட் நோபிள் என்ற மருத்துவர் ஆராய்ந்தார். சர்க்கரை குறையவில்லை, வெள்ளை அணுக்கள் குறைந்தன. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு, சார்லஸ் பீர் என்பவரோடு சேர்ந்து 1958-ல் இந்த மருந்தை உலகுக்குச் சொன்னார். அதன் உடன்பிறப்பான வின்கிரிஸ்டின், ரத்தப் புற்றுநோய் வந்த எத்தனையோ குழந்தைகளைக் காப்பாற்றிக் கொடுத்தது. எங்கள் மாவட்டத்துப் புஞ்சைக் காட்டில் இந்தச் செடியைப் பயிராகவே போடுகிறார்கள். இதைக் கேட்டுவிட்டு யாரும் இலையை அரைத்துக் குடித்துவிட வேண்டாம். அது விஷம். நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலையைச் சுத்திகரித்தால் கிடைப்பது மிகச் சொற்பம். அதையும் உடம்பின் அளவுக்குக் கணக்குப் போட்டுத்தான் கொடுக்கிறார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது சிஸ்டர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நடுராத்திரியானாலும் காத்திருக்கக் கூடாது, கிளம்பிவிட வேண்டும். கவுண்ட் குறைந்திருக்கும்போது சாதாரணக் கிருமிகூட ஆளைச் சாய்த்துவிடும். அதற்காகத்தான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் காய்ச்சலைக் குறித்து வைக்கத் தொடங்கினேன். பிறகு சாப்பாடு, வாய்ப்புண், மலச்சிக்கல், விரல் மரத்துப்போவது என்று வரி கூடியது. சாக்பீஸ் பிடித்த விரலுக்கு, சட்டைப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போன நாளும் அதில் இருக்கிறது. "போன ரெண்டு வாரம் எப்படி இருந்தது?" என்று டாக்டர் கேட்கும்போது, மருந்து மயக்கத்தில் எதுவும் ஞாபகம் வராது. நோட்டை நீட்டினால் போதும். அதைப் பார்த்துத்தான் மாத்திரையை மாற்றினார்.

முதல் சிகிச்சை முடிந்த பிறகு ஒரு நாள் அந்த நோட்டுகளை முதலிலிருந்து வாசித்தேன். நோயைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஒரு நாளைக்கு நோய்க்கு இரண்டு வரி. மற்றதெல்லாம் வேறு. "பக்கத்து வீட்டுக் கோழி நம்ம வேலிக்குள்ள முட்டை வச்சிருக்கு." "உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் மட்டும் நாக்குக்குத் தெரியுது, மத்ததெல்லாம் இரும்பு ருசி." "எட்டாம் வகுப்புப் பையன் வந்தான், பின்னக் கணக்கு கேட்டான், ஒரு மணி நேரம் போனது தெரியல." நோயாளியாக இருந்தேன் என்று நான் நம்பியிருந்த மாதங்களில் பெரும்பகுதி நான் நானாகத்தான் இருந்திருக்கிறேன்.

இப்படித் தன் நோயைத் தானே எழுதி வைத்தவர்களில் எனக்கு மிகவும் நெருக்கமானவர் ஃபேனி பர்னி என்ற ஆங்கில நாவலாசிரியை. 1811 செப்டம்பர் 30 அன்று பாரிஸில் அவருடைய மார்பகத்தை அறுத்து எடுத்தார்கள். மயக்க மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம். நெப்போலியன் படையின் பெரிய அறுவை மருத்துவர் லார்ரே கத்தியைப் பிடித்தார். முகத்தில் ஒரு மெல்லிய கைக்குட்டையைப் போட்டார்கள்; அதன் வழியாகவே எல்லாம் தெரிந்தது என்று பர்னி எழுதுகிறார். அக்கா எஸ்தருக்கு எழுதிய அந்தக் கடிதத்தை முடிக்க அவருக்கு மாதக்கணக்கானது. அதற்குப் பிறகும் நாவல் எழுதினார், 1840 வரை வாழ்ந்தார். அந்தக் கடிதத்தை முதல் தடவை வாசித்தபோது பயந்தேன். இரண்டாம் தடவை, தன் அக்காவிடம் எதையும் மறைக்காமல் பேசிய ஒரு பெண்ணைப் பார்த்தேன்.

நம் வீடுகளில் மறைப்பதுதான் வழக்கம். நோயாளியிடமே மறைப்பார்கள். பெண் பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆகவேண்டுமே என்று ஊரிடம் மறைப்பார்கள். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அடையாற்றில் 1954-ல் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியபோது, பிழைக்க வழியில்லாத நோய்க்கு ஆஸ்பத்திரி எதற்கு என்ற எண்ணம் பரவலாக இருந்தது. அடுத்த வருஷம் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-ல் மறையும் வரை அதே வளாகத்தில்தான் இருந்தார். அவர்கள் காலத்தில் தொடங்கிய வைத்தியம் எவ்வளவோ தூரம் வந்துவிட்டது. வீட்டுக் கூடத்துப் பேச்சுதான் இன்னும் அங்கேயே நிற்கிறது.

என் அண்ணன் மனைவி, என் மைனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மைனிக்கும் எனக்கும் ஆச்சியின் பித்தளைப் பானையை வைத்து ரொம்ப நாள் வழக்கு. ஆச்சி எனக்குத்தான் கொடுத்தாள் என்பேன் நான். வீட்டு மருமகளுக்குத்தான் என்பார் மைனி. தீபாவளிக்குத் தீபாவளி இந்தப் பேச்சு வரும், இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வோம், பொங்கலுக்குள் சரியாகிவிடும். என் நோய் தெரிந்த மறுநாள் மைனி அந்தப் பானையைப் புளி போட்டுத் தேய்த்து, பளபளவென்று கொண்டுவந்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. பயாப்சி ரிப்போர்ட்டைப் பார்த்தபோதுகூட நான் அவ்வளவு பயப்படவில்லை. மைனியே பானையைக் கொடுத்துவிட்டார் என்றால் என் கதை முடிந்தது என்றுதானே அர்த்தம்?

இரண்டாம் முறைச் சிகிச்சையில், என் உடம்பிலிருந்தே ஸ்டெம் செல்லை எடுத்து, உறையவைத்து, கடுமையான கீமோவுக்குப் பிறகு திரும்ப ஏற்றினார்கள். உறையவைக்கச் சேர்க்கிற ரசாயனத்தால் அறை முழுக்கப் பூண்டு வாடை அடிக்கும். என் மூச்சிலும் அதே வாடை. தனி அறை. யாரும் உள்ளே வரக்கூடாது. மைனி தினமும் போன் செய்வார். முதலில் எல்லாம் "சாப்பிட்டியா, காய்ச்சல் இருக்கா" என்பதோடு சரி. ஒரு நாள் நானே கேட்டேன், "மைனி, இன்னிக்கு என்ன குழம்பு?" கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, "சொதிதான். உங்க அண்ணனுக்கு இஞ்சித் துவையல் காரம் பத்தலையாம்" என்று ஆரம்பித்தவர் முக்கால் மணி நேரம் பேசினார். எனக்கு வாயெல்லாம் புண், எச்சில் விழுங்க முடியாது. ஆனாலும் அந்தச் சொதியில் முருங்கைக்காய் போட்டாரா, உருளைக்கிழங்கு போட்டாரா என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து, தலையில் பூனை முடி முளைத்த சமயம், ஒரு மத்தியானம் மைனி வந்தார். கூடத்தில் இருந்த பானையைப் பார்த்தார். "ஏளா, நீதான் நல்லாயிட்டியே. பானையை எடுத்துட்டுப் போட்டுமா?" என்றார். "அதெப்படி? கொடுத்தது கொடுத்ததுதான்" என்றேன். "நான் எங்க கொடுத்தேன், வச்சிட்டுப் போனேன்" என்றார். குரல் உயர்ந்தது. தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நோய் வந்த நாளிலிருந்து என்னிடம் யாரும் குரலை உயர்த்தியதே இல்லை. அன்று நோட்டில் நோய்க்கு ஒரு வரிகூட இல்லை.

இதனால்தான் கேட்கிறேன். எங்களைப் பார்க்க வந்தால் உங்கள் வீட்டுக் கதையையும் கொண்டு வாருங்கள். மகள் மார்க் குறைந்தது, பஸ் வராதது, மாமியார் கோபித்தது எல்லாம் சொல்லுங்கள். "உங்க கஷ்டத்துக்கு முன்னாடி இதெல்லாம் ஒரு கஷ்டமா" என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள். எங்களுக்கும் ஒரு அபிப்பிராயம் இருக்கும், சொல்லவிடுங்கள். சளி, காய்ச்சல் இருந்தால் மட்டும் போனோடு நிறுத்திக்கொள்ளுங்கள். யாரோ ஒருவர் ஏதோ கஷாயம் குடித்துப் பிழைத்த கதையும் வேண்டாம். பிழைக்காத கதையும் வேண்டாம்.

பயம் போய்விட்டதா என்றால், இல்லை. ஸ்கேன் நெருங்க நெருங்கத் தூக்கம் வராது. பெட் ஸ்கேனுக்குக் கதிரியக்கம் சேர்த்த சர்க்கரையை ஊசியில் ஏற்றி, ஒரு மணி நேரம் போலத் தனியறையில் அசையாமல் படுக்க வைப்பார்கள். புத்தகம்கூட வேண்டாம் என்பார்கள். சின்னக் குழந்தையைக் கொஞ்ச நேரத்துக்குத் தூக்க வேண்டாம் என்றும் சொல்வார்கள். அந்தக் கதிரியக்கம் 110 நிமிஷத்துக்கு ஒரு தடவை பாதியாகும். படுத்துக்கொண்டே கணக்குப் போடுவேன். பதினோரு மணி நேரத்தில் ஆறு தடவை பாதியாகி, 64-ல் ஒரு பங்குதான் மிச்சமிருக்கும். ஊருக்குத் திரும்பும் ராத்திரி ரயிலில் எதிர் சீட்டுக் குழந்தையை எப்போது வாங்கிக்கொள்ளலாம் என்று அதை வைத்து முடிவு செய்வேன்.

ரயில் என்றதும் ஒன்று. சிகிச்சைக்குப் போகிற புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் கிடையாது; கூட வருகிற ஒருவருக்கும் முக்கால்வாசி சலுகை உண்டு. ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். தெரியாமல் முழுப் பணம் கட்டி வருகிறவர்களை வரிசையில் நிறையப் பார்க்கிறேன்.

அடுத்த மாதம் எனக்கு ஸ்கேன். நெல்லை எக்ஸ்பிரஸில் இரண்டு டிக்கெட் எடுத்தாயிற்று. துணைக்கு மைனி வருகிறார். ஸ்கேன் முடிந்த கையோடு பாத்திரக் கடைக்குப் போய் இன்னொரு பித்தளைப் பானை வாங்க வேண்டுமாம். புதுசு எனக்காம், ஆச்சி பானை அவருக்காம். நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.