நிலவில் மாந்தர் வாழ இயலுமா?



தைப்பூச வெள்ளுவா இரவில் வண்டியூர்த் தெப்பக்குளத்து நீரில் தெப்பத்தோடு நிலவும் மிதக்கும். கரையில் நிற்கும் சிறுவன், “அங்கே போய்க் குடியிருக்கலாமா?” என வினவுவான். அவனுக்குரிய விடையை அவன் தாய்மொழியிலேயே கூறுதல் பெரியோர் கடன்.

போதல் இயலும். 1969 முதல் 1972 வரை அமெரிக்கர் பன்னிருவர் நிலவின் தரையில் நடந்தனர். அவருள் நெடிது தங்கியோரும் மூன்று நாள்களுக்குச் சற்று மிகுதியாகவே தங்கினர். உண்ட உணவும், உயிர்த்த காற்றும், பருகிய நீரும் ஏறத்தாழ 3,84,000 கிலோமீட்டர் தொலைவிலிருந்து கொண்டுசென்றவையே.

வாழ்தலோ வேறு. அங்கு உயிர்க்கும் காற்றில்லை. பகல் ஏறத்தாழப் பதினான்கு நாள், இரவும் அத்துணையே. பகலில் நீர் கொதிக்கும் வெம்மை. இரவில் உறைநிலைக்குக் கீழ் 100 பாகையையும் கடந்த குளிர். 2023 ஆகத்து 23இல் தென்முனைப் பகுதியில் இறங்கிய இந்தியக் கலம் சந்திரயான்-3, மேற்பரப்பில் ஏறத்தாழ 50 பாகை வெப்பத்தையும், எட்டுச் செண்டிமீட்டர் ஆழத்தில் உறைநிலைக்குக் கீழ் 10 பாகைக் குளிரையும் அளந்தது. மண்ணே போர்வையாகும், ஆதலின் குடியிருப்பை மண்ணால் மூடியமைத்தல் நன்று என்பது இதனாற் பெறப்படும். அளந்த கலமோ அடுத்த இரவில் துயின்றது, பின்னர் எழவில்லை.

நீருக்கு வழி யாது? 2008 அக்தோபர் 22இல் ஏவப்பட்ட சந்திரயான்-1 நிலவில் நீர்மூலக்கூறுகள் உண்மையைக் காட்டியது. அதன் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை கோதவாடிச் சிற்றூரிற் பிறந்து, தமிழ்வழியிற் பள்ளிக்கல்வி பயின்றவர். தமிழில் அறிவியல் ஏறாது என்பார்க்கு இஃதொன்றே விடை. தரையிறங்கு கலத்தை ஆய்ந்து பழக்குதற்கு நிலவுமண்ணாக உதவியதும் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறைப்பொடியே.

முனைப்பகுதிகளில் கதிரொளி புகாப் பள்ளங்களில் பனிக்கட்டி உண்டு. அதனை உருக்கின் நீர், பகுப்பின் உயிர்வளி. ஆகவே சிலர் பாசறையிட்டுத் தங்குதல் கூடும். மாந்தரினம் முழுதும் குடிபெயர்தல் கூடாது.

அங்கே ஒரு குவளை நீருக்குப் பனியை அகழ்ந்து உருக்கல் வேண்டும். இங்கோ வையை பாயும் நிலத்திலேயே தெப்பக்குளம் பல்லாண்டு விழாக்காலம் ஒழிய வறண்டு கிடந்தது. நிலவுக்குச் செல்லும் அறிவு வேண்டும். குளத்தைக் காக்கும் அறிவும் வேண்டும். சிறுவன் நிலவுக்குச் செல்க! மீள்கையில், அவன் ஊர்க்குளத்தில் அந்நிலவு மிதக்க நீர் இருத்தல் வேண்டும்.