ஏரிக்கரைத் தொழிலும் நம் குலத்தாரும்
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உபந்நியாசம்)



நம் பருவதராஜ குலத்தார் ஏரி, குளம், ஆறு ஆகிய நன்னீர் நிலைகளை நம்பி ஜீவித்து வந்தவரென்பது யாவரும் அறிந்த விஷயம். கடலிற் செல்லும் சகோதரர் தொழில் வேறு. நம் தொழில் வேறு. ஆயினும் இன்று அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரங்களில் நம் பிள்ளைகளுள் வலை வீசத் தெரிந்தவர் எத்தனை பேர்? 1964-இல் அம்பத்தூரில் தொழிற்பேட்டை தோன்றிற்று. ஆலைச் சம்பளம் நிச்சயமாயிருந்தது. ஏரிகளோ வீட்டுமனைகளாலும் கழிவுநீராலும் குறுகின. ஆதலின் தொழிலை விட்டவரைக் குறைகூற நாம் துணியோம். ஆனால் ஏரியை நம்பி வாழ்வார் இல்லாத ஊரில் ஏரியைக் காப்பாரும் இல்லை என்பதை மறக்கலாகாது.

முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். உத்திரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியத்துக்கு அறுவரைக் குடவோலையால் தேர்ந்தெடுத்த முறையைக் கூறுகின்றன. ஏரி மீனால் வரும் வருவாய் பாசிப்பாட்டம் எனப்பட்டது. அதை ஏரியின் பராமரிப்புக்கே செலவிட்டதும் உண்டு. ஏரியின் பொருள் ஏரிக்கே என்னும் இந்நீதியே நம் யோசனைக்கு அடிப்படையாகும்.

யோசனை யாதெனில், சொந்தப் பட்டா நிலமேனும் முறையான குத்தகையேனும் உடைய நம்மவர் சிலர் கூடிக் குளம் வெட்டி மீன் வளர்த்து, நகரத்தார் வந்து தூண்டிலிட இடமளித்து, கரையிலேயே ஒரு கடை வைத்து நடத்தலாம் என்பதே. இது புதுமையன்று. சென்னைச் சேத்துப்பட்டு ஏரி 2016-இல் பூங்காவாகத் திறக்கப்பட்டபோது தூண்டிலிடவும் வசதி செய்யப்பட்டது. ஆவடிப் பருத்திப்பட்டு ஏரியும் 2019-இல் பூங்காவாயிற்று. தண்ணீரோரம் ஓய்வாக அமர விரும்புவோர் பலராயிருத்தலை இவற்றாற் காண்கிறோம்.

முதலில் ஜலத்தைப் பரிசோதித்தல் வேண்டும். கொரட்டூர் ஏரியிற் கழிவுநீர் கலந்தது பற்றிப் பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்குச் சென்றதை அறிவீர்கள். அத்தகைய நீரில் வளர்ந்த மீனைப் பிறருக்கு விற்பது பாவம். குளம் 5 அல்லது 6 அடி ஆழமிருந்தால் நன்று. கட்லா மேல்நீரிலும், ரோகு நடுநீரிலும், மிர்கால் அடியிலும் இரை தேடுவதால் மூன்றையும் சேர்த்து விடலாம். ஏக்கருக்கு 2,000 முதல் 4,000 குஞ்சு வரை போதும்; பேராசையால் மிகுத்து விட்டால் எல்லாம் மெலியும். தவிடும் கடலைப் பிண்ணாக்கும் தீனியாகும். நீர்ப்பாசியும் இரவிற் சுவாசிப்பதால் விடியற்காலத்தே நீரிற் பிராணவாயு குறையும். அப்போது மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் தீனியை நிறுத்திப் புதுநீர் பாய்ச்ச வேண்டும்.

இம்மீன்கள் தேங்கிய குளத்திற் குஞ்சு பொரிப்பதில்லை. ஆற்றிலே குஞ்சு தேடியலைந்த காலத்தை, 1957-இல் ஒரிஸாவில் ஹீராலால் சௌத்ரி என்னும் அறிஞர் ஊசி மருந்தினால் மீனை முட்டையிடச் செய்து மாற்றினார். ஆகவே நல்ல பண்ணைக் குஞ்சை இன்று விலைக்கு வாங்கலாம்.

இனிக் கடையைக் குறித்துச் சில சொற்கள். இதனை நம் பெண்மக்கள் பொறுப்பில் விடுதலே உசிதம். உயிர்மீனைத் தொட்டியில் வைத்துக் கண்முன் எடுத்து அரிந்து தரலாம். வெட்டிய மீனை அதன் எடையளவு பனிக்கட்டியில் வைக்க வேண்டும். கரையில் விளையும் கீரை, கத்தரி, முருங்கை, நாட்டுக் கோழிமுட்டை ஆகியவற்றையும் விற்கலாம். மீன் கழிவு எருவாகட்டும், குளத்துக்குத் திரும்பலாகாது. 2020-இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பத் திட்டத்திற் பெண்களுக்கு 60 சதவீதமும், பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும் மானியம் என விதிக்கப்பட்டது. நடைமுறையிலுள்ள விதியை மீன்துறை அலுவலகத்திற் கேட்டறிந்த பின்னரே கடன் வாங்குக.

இரண்டு மயக்கங்கள் நம்மைக் கெடுக்கக்கூடும். விரைவில் பருக்குமென்று ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்கச் சொல்வோர் உளர். அது பிற மீன்களைத் தின்றழிப்பது. வெள்ளத்தில் தப்பினால் ஏரியெங்கும் பரவும். 2000-ஆம் ஆண்டிலேயே தடைசெய்யப்பட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட நமக்கு, எந்தக் கரையும் உடையாதென்று சொல்லத் துணிவுண்டோ? மற்றொன்று, மீன் குறைந்த நாளில் சந்தை மீனை வாங்கிக் குளத்து மீனென்று விற்பது. ஒருநாள் லாபத்துக்காக நம் குலத்தின் வாக்கை விற்கலாகாது.

நஷ்டம் வருமே என்பாரும் உண்டு. வரலாம். ஆதலால் பெரிதாகத் தொடங்காது, ஒரு குளத்தை ஐந்தாறு குடும்பங்கள் கூடி ஓராண்டு நடத்திப் பார்க்கட்டும். வரவு செலவைச் சங்கத்திற் படித்துக் காட்டட்டும். லாபத்தில் ஒரு பங்கை ஊர் ஏரியைத் தூர் வார ஒதுக்கட்டும். அப்போது நம் பிள்ளைகள் கூலிக்கு வலை இழுப்பவராக அல்லாமல், நீர்நிலையைக் காக்கும் உரிமையுடையவராய்க் கரையில் நிற்பர்.

மலையனூர் அங்காளம்மை இம்முயற்சிக்கு அருள் புரிவாளாக.