கண்டனமும் நிந்தையும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



'டினௌன்ஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லைப்பற்றிச் சில கூற விழைகின்றேன். அறிவித்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லினின்று பிறந்தது அது. ஒரு தவற்றைத் தவறென்று பலரறியச் சாற்றுதலே அதன் கருத்து. தமிழில் நாம் 'கண்டித்தல்' என்கின்றோம். வங்காளியர் 'நிந்தா' என்பர். கடுமை மிகுமாயின் 'திக்கார்' என்பர்.

இங்கேதான் நம்மவர்க்கு இடர் விளைகின்றது. 'நிந்தா' என்பது நம் செவிக்கு வசையாகவே ஒலிக்கும். ஆயின், 'நிந்தா பிரஸ்தாப்' என்று வங்கப் பத்திரிகை எழுதினால், எவரோ எவரையோ ஏசினார் என்று கொள்ளலாகாது. கண்டனத் தீர்மானம் என்பதே பொருள். நம் 'கண்டனம்' அவர்களிடம் 'கண்டன்' ஆகி, ஒருவரது வாதத்தை மறுத்து உடைத்தலைக் குறிக்கும். நம் முன்னோரும் சமய வாதங்களிற் பிறர் கொள்கையை மறுத்தெழுதிய நூல்களுக்குக் 'கண்டனம்' என்றே பெயரிட்டனர். நாம் மறந்த பொருளை வங்கம் காத்து வைத்திருக்கின்றது!

வசையின்றிக் கண்டித்தல் இயலுமா? இயலும் என்பதற்கு இந்நகரமே சான்று. 1919 ஏப்ரல் 13-ஆம் நாள் அமிர்தசரஸில் ஜாலியன்வாலா பாக் படுகொலை நிகழ்ந்தது. மே மாத இறுதியில், கவி இரவீந்திரநாத் தாகூர் வைசிராய் செம்ஸ்போர்டுக்கு ஆங்கிலத்தில் ஒரு மடல் வரைந்தார். அம்மடலில் ஏச்சு இல்லை. நடந்த கொடுமையை எடுத்துரைத்து, 1915-இல் தாம் பெற்ற 'சர்' பட்டத்தினின்று தம்மை விடுவிக்குமாறு வேண்டினார். மக்கள் இழிவுற்று நிற்கையில் தாம் மட்டும் பெருமைச் சின்னம் தாங்குதல் நாணத்தக்கது என்று கருதினார்.

தமிழர்க்கும் இப்பெருமை உண்டு. மதுரை நாடு தந்த 'மணி ஐயர்', சர் எஸ். சுப்பிரமணிய ஐயர், இந்தியரின் நிலையை விளக்கி 1917-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்சனுக்கு மடல் விடுத்தார். அதன்பொருட்டு ஆங்கில ஆட்சியாளர் அவரைக் கடிந்தனர். மறுவசை கூறாது, 1918-இல் தம் பட்டங்களைத் துறந்தார் அம்முதியவர்.

அன்பர்களே! பிறரை ஏசுவதற்குச் செலவொன்றும் இல்லை. கண்டிப்பதற்கோ காரணம் வேண்டும். நமக்குரிய ஒன்றை இழக்கவும் துணிவு வேண்டும். தண்ணீர்க் குழாயடியிலும், ஏன், நம் சங்கப் பொதுக்கூட்டத்திலுங்கூட, சிறு பூசல் எழும்போது நம் நாவில் வருவது எது? கண்டனமா, நிந்தையா? நம் பிள்ளைகள் அருகில் நின்று கேட்கின்றனர். தமிழை வீட்டிலும் வங்கத்தை வீதியிலும் கற்கும் அவர்கள், இரண்டையும் நம்மிடமிருந்தே அளந்து பார்ப்பர். வசையை மட்டும் அவர்க்கு வழங்கிவிட்டு, தாய்மொழி வளரவில்லையே என்று வருந்துதல் தகுமா?

தவறு கண்டால் அஞ்சாது கூறுவோம். கூறுங்கால், அடுத்த நாள் அவர் முகத்தை நேர்நின்று நோக்கும் வண்ணம் கூறுவோம்.

வாழ்க தமிழ்! வளர்க வங்கத்தாரொடு நம் நட்பு!