வியாழக்கிழமை மாலை



"வந்துட்டாருய்யா பெரிய பரிசுத்தவான்!" நம் ஊர்த் தெருக்களில் 'பரிசுத்தவான்' என்ற சொல்லை அதிகமாகக் கேட்பது இப்படித்தான், யாரையாவது குத்திக் காட்டும்போது. வேதாகமத்தில் அவ்வளவு உயரத்தில் இருக்கும் சொல் தெருவுக்கு வந்ததும் இப்படி ஆகிப்போனதற்கு, அந்தப் பெயரை எடுத்தவர்களும் ஒரு காரணம். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் ஜெபித்துவிட்டு, வெளியே வந்த கையோடு வீட்டு வேலைக்கு வந்த பெண்மேல் எரிந்து விழுகிறவரை எல்லோரும் பார்த்திருக்கிறோம். சில நாள் கண்ணாடியிலும் பார்த்திருக்கிறோம்.

தனிமனிதப் பரிசுத்தம் என்று கிறிஸ்தவர்கள் சொல்கிறார்களே, அதை ஒருவர் தனியாக இருந்தே அடைந்துவிட முடியுமா? இந்தக் கேள்வியோடு உங்களை 1712-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு வீட்டுக்கு அழைத்துப் போகிறேன்.

ஊரின் பெயர் எப்வொர்த். அங்கே போதகராக இருந்த சாமுவேல் வெஸ்லி, திருச்சபைப் பேரவைக்காக லண்டன் போய்விட்டார். வீட்டில் மனைவி சுசன்னா. 19 பிள்ளைகளைப் பெற்று, ஏறக்குறையப் பாதிப் பேரைச் சிறுவயதிலேயே பறிகொடுத்தவர். மூன்று வருடங்களுக்கு முன்புதான் வீடு தீப்பிடித்து எரிந்திருந்தது. ஐந்து வயது மகன் ஜான் மாடியில் சிக்கிக்கொள்ள, ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி நின்று, ஜன்னல் வழியாக அவனை இறக்கினார்கள்.

சுசன்னாவின் மகள் எமிலி, அப்பாவின் படிப்பறையில் ஒரு புத்தகத்தைக் கண்டெடுத்தாள். டென்மார்க் அரசர் அனுப்பிய மிஷனரிகள் இருவரைப் பற்றியது. அவர்கள் வேலை செய்த ஊர் எது தெரியுமா? நம்முடைய தரங்கம்பாடி. 1706-இல் சீகன்பால்குவும் புளூட்சோவும் வந்து இறங்கி, மணலில் அரிச்சுவடி எழுதும் பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் கற்ற அதே கடற்கரை. அவர்களுடைய விவரம் ஆங்கிலத்தில் அச்சாகி, கடல் கடந்து, ஒரு போதகர் வீட்டுப் படிப்பறைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

அதைப் படித்த சுசன்னாவுக்குப் பல நாள் வேறு நினைப்பே ஓடவில்லை. நான் ஆண்பிள்ளையும் இல்லை, போதகரும் இல்லை; ஆனாலும் இப்போது செய்வதைவிடக் கொஞ்சம் அதிகமாகச் செய்யலாமே, என் பிள்ளைகளிடமிருந்தே தொடங்கலாமே என்ற பொருள்பட அவர் கணவருக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது.

அவர் தொடங்கியது மிக எளிய காரியம். ஒரு பிள்ளைக்கு வாரத்தில் ஒரு மாலை. திங்கள் மாலிக்கு, செவ்வாய் ஹெட்டிக்கு, புதன் நான்சிக்கு, வியாழன் ஜாக்கிக்கு. ஜாக்கி என்றால் ஜான், அப்போது எட்டு வயது. வீட்டுப் பள்ளிக்கூடம் தனியாக நடந்துகொண்டிருந்தது; இது பாடம் ஒப்பிக்கும் நேரம் இல்லை. தாயும் பிள்ளையும் தனியாக உட்கார்ந்து, மனதுக்குள் என்ன நடக்கிறது என்று பேசிக்கொள்ளும் நேரம். அத்தனை பிள்ளைகள் உள்ள வீட்டில் அம்மா தனக்கே தனக்கென்று கிடைக்கும் ஒரே மாலை. பெரிய குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஞாயிறு மாலைக் குடும்ப ஜெபத்துக்கு அக்கம்பக்கத்தாரும் வரத் தொடங்கினார்கள். கூட்டம் 200 பேர்வரை போனது. பொறுக்காத உதவிப் போதகர் லண்டனுக்குப் புகார் எழுதினார். கணவர் தயங்கினார். சுசன்னாவின் பதில், நிறுத்தத்தான் வேண்டுமென்றால் விருப்பமாகச் சொல்லாமல் கட்டளையாகவே எழுதுங்கள், கடவுளுக்கு முன்னால் அந்தப் பொறுப்பு என்மேல் வராது என்பதாக இருந்தது. கட்டளை வரவில்லை.

அந்த ஜாக்கிதான் பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி. ஆக்ஸ்ஃபோர்டில் தம்பி சார்லஸ் 1729-இல் தொடங்கிய சிறு குழு ஒன்றுக்கு அண்ணன் தலைவரானார். புதன், வெள்ளி பிற்பகல் மூன்று மணிவரை உபவாசம். சிறைச்சாலைக்குப் போய்க் கைதிகளைப் பார்ப்பது. மற்ற மாணவர்கள் சும்மா விடுவார்களா? 'பரிசுத்தச் சங்கம்' என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். 'மெதடிஸ்ட்' என்பதும் கேலிப் பெயராகத்தான் பிறந்தது. எதையும் முறை வைத்துச் செய்கிறவன் என்று அர்த்தம். கேலி எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

வெஸ்லி ரகசியச் சுருக்கெழுத்தில் நாட்குறிப்பு வைத்திருந்தார். ஒரு கட்டத்தில் மணிக்கு மணி தன் பக்தி எந்த நிலையில் இருக்கிறது என்று எண் போட்டு மதிப்பிட்டார். படிக்கும்போது எனக்கு மூச்சு முட்டுகிறது. அந்தக் கணக்கேடு அவரைக் காப்பாற்றவும் இல்லை. 1735-இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்கு ஊழியத்துக்குப் போனார். அங்கே தான் நேசித்த பெண் வேறொருவரை மணந்துகொண்டபின், அவளுக்குத் திருவிருந்து கொடுக்க மறுத்தார். வழக்கு, வம்பு. 1737 முடியும் தறுவாயில் அங்கிருந்து கிளம்பிவிட்டார். உபவாசமும் எண்களும் இருந்தன. ஆறாத மனக்காயம் எது, நியாயமான கண்டிப்பு எது என்று பிரித்துச் சொல்ல அவற்றால் முடியவில்லை.

1738 மே 24 மாலை லண்டனில், மனமில்லாமல் போன ஒரு கூட்டத்தில், ரோமருக்கு எழுதிய நிருபத்துக்கு லூத்தர் தந்த முன்னுரையை வாசிக்கக் கேட்டபோது அவருக்குள் ஏதோ இளகியது. தன் முயற்சியால் சம்பாதிக்க வேண்டியது இல்லை, கிறிஸ்துவை நம்பினால் போதும் என்ற உறுதி வந்தது. இது ஊரறிந்த கதை. பிரசங்கங்களில் நிறையக் கேட்டிருப்பீர்கள். அவ்வளவாகச் சொல்லப்படாத இன்னொரு கதையைத்தான் நான் சொல்ல நினைத்தேன்.

1742 பிப்ரவரி 15. பிரிஸ்டல் நகரம். அங்கே மெதடிஸ்டுகள் கட்டிய கூட்ட அரங்குக்குக் கடன் நின்றது. எப்படி அடைப்பது என்று பேச்சு. ஃபாய் என்ற கப்பல் தலைவர், ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்றார். நம்மில் பலர் ஏழைகள், அதுகூட அவர்களால் முடியாதே என்று இன்னொருவர் சொன்னார். அதற்கு அந்தக் கப்பல்காரர் சொன்ன வழி: மிகவும் ஏழையான பதினொரு பேரை என்னிடம் விடுங்கள். வாராவாரம் நானே அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன். கொடுக்க முடியாதவர்களுக்கு என் கையிலிருந்து போடுகிறேன். நீங்களும் ஆளுக்குப் பதினொரு பேரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வசூலுக்குப் போனவர்கள் வீட்டு நிலவரத்தைப் பார்த்தார்கள். ஒருவன் குடித்துக்கொண்டிருந்தான். இன்னொரு வீட்டில் கணவன் மனைவி சண்டை. இதைக் கேட்டதும் வெஸ்லிக்குப் பொறி தட்டியது. நெடுநாளாகத் தேடிக்கொண்டிருந்தது இதுதான் என்று உணர்ந்தார். வீடுவீடாகப் போவது நடைமுறையில் சிரமமாகவே, பன்னிரண்டு பேர் அளவில் வாரம் ஒருமுறை ஓரிடத்தில் கூடினார்கள். உன் ஆத்துமா எப்படி இருக்கிறது என்று தலைவர் ஒவ்வொருவரையும் கேட்பார். மெதடிஸ்ட் இயக்கத்தின் முதுகெலும்பே இந்தச் சிறு குழுக்கள்தான். ஒரு கடன் பாக்கியிலிருந்து வந்தவை.

இந்த ஏற்பாட்டில் ஆபத்து இல்லாமல் இல்லை. உன் ஆத்துமா எப்படி என்று நம் ஊரில் ஆரம்பித்தால், உன் மகள் ஏன் அந்தப் பையனோடு பேசினாள் என்பதில்தான் வந்து நிற்கும். வெஸ்லியின் குழுக்களிலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உறுப்பினர் சீட்டு உண்டு; நடத்தை சரியில்லை என்றால் சீட்டு கிடைக்காது. அது வேவு பார்ப்பதாக மாற எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அந்தக் கப்பல்காரரைக் கவனியுங்கள். இல்லாதவனுக்குத் தன் காசைப் போட்டுவிட்டுத்தான் அவன் வாசலில் நின்றார். கேட்கும் உரிமை அங்கிருந்து வந்தது.

லேவியராகமம் பத்தொன்பதாம் அதிகாரமும் இப்படித்தான் போகிறது. பரிசுத்தமாயிருங்கள் என்று கடவுள் தொடங்கிவைக்கிறார். பிறகு வருபவற்றில் சில: வயல் ஓரத்தை முழுக்க அறுக்காதே, ஏழைக்கு விடு. கூலிக்காரன் கூலியை விடியுமட்டும் வைத்துக்கொள்ளாதே. செவிடனைத் திட்டாதே. தராசைச் சரியாக வை. பலியும் ஓய்வுநாளும் அங்கே உண்டுதான். ஆனால் அந்த அதிகாரம் பெரும்பாலும் அடுத்தவன் பக்கத்திலேயே நிற்கிறது.

வெஸ்லி எல்லாவற்றையும் வென்றுவிட்டாரா? இல்லை. 1751-இல் ஒரு விதவையை மணந்தார். அது கசந்து, 1771-இல் மனைவி அவரை விட்டுப் பிரிந்து போனார். நான் அவளை விடவும் இல்லை, அனுப்பவும் இல்லை, திரும்பக் கூப்பிடவும் மாட்டேன் என்ற கருத்தை வெஸ்லி லத்தீனில் எழுதி வைத்தார். ஆயிரக்கணக்கானோரை ஒருவரையொருவர் கேட்க வைத்தவர், தன் வீட்டுக் காயத்தைப் பெரும்பாலோருக்குப் புரியாத மொழியில் மூடி வைத்தார். பூரண அன்பைப் பற்றி ஆயுள் முழுக்கப் பிரசங்கித்தாலும், அதை அடைந்துவிட்டேன் என்று தன்னைப் பற்றி அவர் சொல்லிக்கொள்ளவில்லை. அந்த நேர்மைக்காக அவரை எனக்குப் பிடிக்கும்.

இன்னொரு கடிதமும் இருக்கிறது. 1732-இல் எழுதியது. அப்போது அவருக்கு 28 வயது, ஆக்ஸ்ஃபோர்டில் லிங்கன் கல்லூரியின் ஃபெலோ, சிறைச்சாலைக்கும் உபவாசத்துக்கும் நேரம் ஒதுக்கிக்கொண்டிருந்த காலம். அம்மாவுக்கு எழுதுகிறார்: சின்ன வயதில் வியாழக்கிழமை மாலை எனக்குக் கொடுத்தீர்களே, அதில் கொஞ்ச நேரத்தை இப்போதும் எனக்காக ஒதுக்க முடியுமா?