தேயிலை காட்டிய விரிசல்



மூடிய கதவுக்கு அப்பால் காற்று இருக்கிறதா? விண்வெளி நிலையத்தில் வசிப்பவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. மறுபக்கம் வெற்றிடமாக இருந்தால், ஒரு சதுர மீட்டர் கதவை இந்தப் பக்கத்துக் காற்று ஏறக்குறைய 10 டன் பளுவோடு அழுத்தும். அதனால் கதவைத் திறக்கும் முன், சிறிய வால்வு ஒன்றைத் திறந்து இருபக்க அழுத்தமும் சமமாகிவிட்டதா என்று மானியில் பார்த்துக்கொள்கிறார்கள்.

2019 செப்டம்பரில், பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் காற்று வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாகக் கசிவது தெரியவந்தது. எங்கே என்றுதான் தெரியவில்லை. கதவுகள் திறந்திருக்கும்போது நிலையம் முழுக்க ஒரே காற்று. எந்த அறையில் ஓட்டை விழுந்தாலும் எல்லா அறையிலும் அழுத்தம் ஒன்றுபோல இறங்கும். எவ்வளவு நுட்பமான மானியாலும் இடத்தைச் சொல்ல முடியாது. கதவுகளை இறுக மூடிவிட்டுக் காத்திருந்தால், கசிகிற அறையில் மட்டும் முள் தனியாக இறங்கும்.

அதைத்தான் செய்தார்கள். 2020 ஆகஸ்டில் நிலையத்தில் இருந்த விண்வெளி வீரர்கள் கிறிஸ் காசிடி, அனதோலி இவானிஷின், இவான் வாக்னர் மூவரும் ஒரு வார இறுதி முழுவதும் ரஷ்யப் பகுதியிலேயே தங்கினார்கள். மற்ற அறைகள் மூடிக் கிடந்தன. விடை கிடைக்கவில்லை. செப்டம்பர் கடைசியில் கசிவு திடீரெனப் பெரிதானதுபோலத் தோன்ற, தரைக் கட்டுப்பாட்டு மையத்தினர் நடுஉறக்கத்தில் அவர்களை எழுப்பித் தேடச் சொன்னார்கள். கசிவு பெருகவில்லை, நிலையத்துக்குள் வெப்பநிலைதான் சற்று மாறியிருந்தது. வெப்பம் மாறினால் அழுத்தமும் மாறும் அல்லவா? ஆனால் அந்தத் தேடலில் ஸ்வெஸ்தா என்ற ரஷ்ய அறைதான் கசிகிறது என்பது உறுதியாயிற்று.

அடுத்து நடந்ததை நான் வியந்து வியந்து படித்தேன். ஸ்வெஸ்தாவின் பின்கோடியிலுள்ள சிற்றறையில் தேயிலைத் தூளை மிதக்கவிட்டார்கள். கேமராவை வைத்துவிட்டுக் கதவை அடைத்தார்கள். நம்மூர் சைக்கிள் கடையில் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்ப்பார்களே, அந்த வேலையை எடையற்ற வெளியில் தேயிலை செய்தது. காற்று மெல்ல இழுத்த திசையில் தூள் நகர்ந்து, விரிசலைக் காட்டிக்கொடுத்தது.

விரிசல் மேல் நாடா ஒட்டினார்கள். ஆனாலும் அந்தச் சிற்றறையில் கசிவு பின்வந்த ஆண்டுகளிலும் தொடர்ந்தது. அதை ஒட்டி வந்து இணையும் சரக்குக் கலத்துக்குப் போக வேண்டிய வேளைகளில் மட்டும் அதன் கதவைத் திறந்தார்கள். அது திறந்திருக்கும் நேரம் முழுவதும், ரஷ்யப் பகுதிக்கும் அமெரிக்கப் பகுதிக்கும் இடையிலான கதவை அடைத்தே வைத்தார்கள்.