பாலைவழி எண்ணெய் அரசியல்: எட்வர்ட் ஹெண்டர்சனை முன்வைத்து

ஆவணத்தைப் படிக்காமல் எழுதாதீர்கள் என்பது யாருடைய நினைவில் இங்கே கூடியிருக்கிறோமோ அவர் மாணவர்களுக்குச் சொல்லிவந்தது. அந்த வழியிலேயே பொருளுக்கு வருகிறேன்.

ஹெண்டர்சனின் வாழ்க்கை இங்கே பலருக்கும் தெரிந்ததுதான். 1917-ல் பிறந்தார். இரண்டாம் உலகப் போரில் ஜோர்டானின் படையான அரபு லீஜியனில் பணியாற்றினார். பிறகு ஈராக் பெட்ரோலியம் கம்பெனிக்காக வளைகுடாக் கரையோர ஷேக்குகளிடம் பேச்சுவார்த்தை நடத்தினார். 1950களின் நடுவில் பிரிட்டிஷ் வெளியுறவுப் பணிக்கு மாறினார். 1971-ல் கத்தார் விடுதலை பெற்றபோது அங்கே முதல் பிரிட்டிஷ் தூதர் அவரே.

கம்பெனியிலிருந்து அரசுப் பணிக்கு நேர்ந்த இந்த மாற்றத்தை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில்தான் நம் வரலாற்றுத் துறைக்குள் நெடுநாள் வழக்கு. கம்பெனி அரசின் கருவி, ஹெண்டர்சன் முதலிலிருந்தே அரசின் ஆள் என்கிறார்கள் ஒரு சாரார். அரசுதான் கம்பெனியின் ஏவலுக்கு ஆடியது, அவர் தூதரான பிறகும் கம்பெனி ஆளாகவே இருந்தார் என்கிறார்கள் மறு சாரார். எல்லா முடிவுகளும் லண்டனில் எடுக்கப்பட்டன என்பதில் மட்டும் இருவரும் ஒன்று. அதை நான் ஏற்கவில்லை. ஏன் என்பதைச் சொல்ல ஓமானின் ஃபஹூத் ஒன்றே போதும்.

1937-ல் மஸ்கட் சுல்தான் சயீத் பின் தைமூர் எண்ணெய் தேடும் உரிமையைக் கம்பெனிக்கு 75 ஆண்டுகளுக்குக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். ஆனால் 1920-ன் சீப் உடன்படிக்கைக்குப் பின் ஓமானின் உள்நாடு நடைமுறையில் இமாமின் ஆளுகையில் இருந்தது. சுல்தானின் கையெழுத்து மலைக்கு அப்பால் செல்லுபடியாகவில்லை. புவியியலாளர்கள் மிகவும் விரும்பிய ஃபஹூத் குன்றோ துரூ குலத்தாரின் மேய்ச்சல் நிலத்தில் இருந்தது.

மஸ்கட்டிலிருந்து உள்ளே போக வழியில்லாததால் 1954 பிப்ரவரியில் தென்கிழக்குக் கடற்கரையில் துக்ம் என்ற இடத்தில் கம்பெனிக் குழு இறங்கியது. துணைக்கு வந்த படை சுல்தானின் பெயரில் இயங்கியது; அதற்குப் பணம் கொடுத்தது கம்பெனி. துப்பாக்கியோடு போனவர்களை யார் தடுத்திருக்க முடியும் என்று நண்பர்கள் கேட்பார்கள். அப்படியானால் அக்டோபர் வரை குழு ஏன் ஃபஹூதை அடையவில்லை? சுல்தானின் தயக்கம் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அது மட்டும் போதாது. துக்மிலிருந்து ஃபஹூத் 300 கிலோமீட்டருக்கு மேல். இடையில் உள்ள சரளை வெளியில் கிணறு எங்கே, வண்டி போகும் தடம் எங்கே, எந்தக் குலத்தின் எல்லை எங்கே முடிகிறது என்பதெல்லாம் அங்கே வாழ்ந்தவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் சம்மதிக்காத இடத்தில் ஒரு நாள் நுழைந்துவிடலாம். மாதக்கணக்கில் எண்ணெய்க் கிணறு தோண்ட முடியாது.

துரூ ஷேக்குகளுக்கும் சொந்தக் கணக்கு இருந்தது. அவர்களுடைய பேரீச்சந் தோட்டங்கள் இப்ரிக்கு அருகே தனாமில் இருந்தன, சந்தையும் இப்ரிதான். 1954-ல் மூத்த இமாம் மறைந்து காலிப் பின் அலி இமாமானபின், அவருடைய ஆட்கள் இப்ரியைக் கைக்கொண்டனர். தோட்டத்தையும் சந்தையையும் காக்கத் துரூக்களுக்குப் புறத்துணை தேவைப்பட்டது. கம்பெனி அவர்களைப் பயன்படுத்தியது என்று நாம் எழுதுகிறோம். அவர்கள் கம்பெனியைப் பயன்படுத்தியதை ஒரு வரியாவது எழுதியிருக்கிறோமா? குழு ஃபஹூதை அடைந்த அதே அக்டோபரில் படை இப்ரிக்குள் நுழைந்தது. இரண்டையும் தனித்தனி அத்தியாயங்களில் வைத்ததால்தான் நமக்குத் தொடர்பு தெரியாமல் போயிற்று.

கம்பெனிக்காக ஷேக்குகளிடம் பேசிய ஹெண்டர்சன் பாறை படிக்கும் நிபுணர் அல்லர். அவரது திறமை அரபு மொழியும், ஷேக்குகளோடு அமர்ந்து பொறுமையாகப் பேசும் பழக்கமும். பின்னாளில் தூதராகச் செய்த வேலையை அவர் அப்போதே செய்துகொண்டிருந்தார். சம்பளம் கொடுத்தவர்தான் மாறினார்.

1956 ஜனவரியில் ஃபஹூதில் துளையிடத் தொடங்கினார்கள். 1957-ல் வறண்ட கிணறு என்று கைவிட்டார்கள். பாறைப் பிளவுக்கு அப்பால் சில நூறு மீட்டரில் எண்ணெய் இருந்தது; அது கிடைத்தது 1964-ல். இடையில், 1960-ல், ஷெல்லும் பார்டெக்ஸும் தவிர கம்பெனியின் மற்றப் பங்குதாரர்கள் ஓமான் தேடலிலிருந்து விலகிவிட்டனர். ஆனால் முதல் கிணறு தொடங்கும் முன்பே, 1955 டிசம்பரில், சுல்தானின் படை இமாமின் தலைநகரான நிஸ்வாவைப் பிடித்திருந்தது. எண்ணெய் வரும் முன்பே ஆட்சி எல்லை மாறிவிட்டது. இதை வெறும் வணிகமாகப் பார்க்க முடியாது.

புரைமிச் சோலை யாருக்கு என்ற சவூதி–பிரிட்டிஷ் தகராறையும் சுருக்கமாகச் சொல்கிறேன். அதுபற்றிய ஜெனீவா நடுவர் விசாரணை முறிந்தபின், 1955 அக்டோபர் 26-ல் பிரிட்டிஷ் தலைமையிலான படை அந்தச் சோலையை சவூதிக் காவலரிடமிருந்து மீட்டது. அங்கும் ஹெண்டர்சனின் பங்கு ஷேக்குகளோடு பேசுவதாகவே இருந்தது.

1959 முதல் 1961 வரை அவர் அபுதாபியில் அரசியல் அதிகாரி. ஷேக் ஷக்பூத்தின் காலம். கடலில் எண்ணெய் கண்டாயிற்று, பணம் இன்னும் வரவில்லை. கத்தார்ப் பணி 1974-ல் முடிந்தது. பிற்காலத்தில் அபுதாபியிலேயே ஆவண மையப் பணியில் இருந்தார், 1988-ல் நினைவுக்குறிப்பு வெளியிட்டார், 1995-ல் மறைந்தார். பல பத்தாண்டுகள் கழித்து எழுதிய நூல் அது. அன்றைய கடிதங்களோடு ஒப்பிட்டே அதைப் பயன்படுத்த வேண்டும்.

செய்ய வேண்டியவை ஏராளம். துரூ முதியோரின் வாய்மொழி நினைவுகளைப் பதிவுசெய்ய அரபு கற்ற இளைஞர்கள் வேண்டும். வாரிக் பல்கலைக்கழகத்தில் உள்ள பிபி ஆவணக் காப்பகத்தில் கம்பெனிக் கோப்புகளை 1954-க்கு மட்டுமாவது நாள்வாரியாகப் படிக்க வேண்டும். வளைகுடா நிர்வாகம் 1947 வரை இந்திய அரசின் பொறுப்பில் இருந்ததால், 1937 ஒப்பந்தத்தின் பின்னணியை தில்லி தேசிய ஆவணக் காப்பகத்திலும் தேடலாம். 1960களில் அங்கே புழங்கிய வளைகுடா ரூபாய் தனி ஆய்வுக்குரியது. கம்பெனிக்காக வண்டி ஓட்டிய, கணக்கு எழுதிய, சமைத்த தொழிலாளரின் பட்டியல்களை யாராவது எடுத்துக்கொண்டால் என்னிடமுள்ள குறிப்புகளைத் தருகிறேன்.