வக்காலத்தில் கையெழுத்திடாதவர்



இன்று சட்டப் பட்டம் பெற்று, கறுப்பு அங்கி அணிந்து நியாயஸ்தலத்தின் படியேறப் போகும் உங்களிடம் பேசுவதற்கு எத்தனையோ விஷயங்கள் உண்டெனினும், வக்கீலாகவும் பின்னர் நீதிபதியாகவும் குடும்ப வழக்குகளோடே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற பாத்தியதையினால், பெற்றோர் தொடுக்கும் வியாஜ்யத்தில் குழந்தைக்கு உள்ள ஸ்தானம் என்ன என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மனுதாரர் வக்கீல் வைத்துக்கொள்கிறார், எதிர்மனுதாரரும் வைத்துக்கொள்கிறார், யாருடைய வாழ்வைப் பற்றி அந்த வழக்குக் கட்டு முழுவதும் பேசுகிறதோ, அந்தக் குழந்தை மட்டும் எந்த வக்காலத்திலும் கையெழுத்திடுவதில்லை.

சென்னையில் நடந்த பழைய வழக்கொன்று எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். 1910-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், அடையாறு பிரம்மஞான சபையில் பணிபுரிந்துவந்த நாராயணய்யா என்பவர், தாயை இழந்த தம் புதல்வர் இருவரை வளர்த்துக் கல்வி புகட்டும் பொறுப்பை, ஒரு கடிதத்தின் மூலமாக அன்னி பெசன்ட் அம்மையாரிடம் ஒப்படைத்தார்; அவ்விருவருள் மூத்தவரே பிற்காலத்தில் உலகம் அறிந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி. தந்தையின் மனம் மாறியது. பிள்ளைகளோ இங்கிலாந்தில் இருந்தார்கள். வழக்கு வந்து, 1913-இல் உயர் நீதிமன்ற நீதிபதி பேக்வெல் தந்தையின் பக்கம் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது. 1914-இல் பிரிவி கவுன்சில் அதனை ரத்து செய்தபோது, தந்தை தாம் கொடுத்த பொறுப்பைத் திரும்பப் பெறக்கூடியவரே என்பதை ஒப்புக்கொண்டது. ஆனால், இங்கிலாந்தில் வசிக்கும் பிள்ளைகளை, அவர்களுடைய விருப்பம் இன்னதென்று அறியாமலே இந்தியாவுக்குக் கொண்டுவரச் சொன்னது முறையன்று என்றும் கருதியது. சென்னையில் பேக்வெல் தீர்ப்பு எழுதிய நாளில் மூத்தவருக்கு 18 வயது நிறையச் சில வாரங்களே இருந்தன. இளையவருக்கு 15 நிறையவும் அப்படியே. வாதப் பிரதிவாதங்கள் அத்தனை விஸ்தாரமாக நடந்தும், வாயுள்ள இரு பிள்ளைகளின் மனத்தை அறிய நியாயஸ்தலம் முயலவில்லை என்பது என் நெஞ்சை இன்றும் உறுத்துகிறது.

பிள்ளையின் மனத்தை அறிவதற்குச் சட்டத்தில் இடமில்லாமற் போகவில்லை. பகுத்தறிந்து விருப்பம் சொல்லும் பிராயத்தை மைனர் எய்தியிருந்தால், நீதிமன்றம் அவ்விருப்பத்தைக் கருதலாம் என்று 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தின் 17-வது பிரிவு அப்போதே கூறியிருந்தது. 1956-ஆம் ஆண்டின் இந்து மைனர் சட்டமோ, குழந்தையின் க்ஷேமமே தலையாயது என்று 13-வது பிரிவில் சொல்லிவிட்டு, இயற்கைக் காப்பாளர் தந்தை, அவருக்குப் பின் தாய் என்று 6-வது பிரிவில் வரிசை வகுத்தது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தம் மகன் பேரில் ரிசர்வ் வங்கியின் கடன்பத்திரம் வாங்க முற்பட்டபோது தகப்பனாரின் கையொப்பம் வேண்டும் என்று கேட்கப்பட, அவர் வழக்காட, 1999-இல் சுப்ரீம் கோர்ட்டு அந்தப் 'பின்' என்பதற்குத் தந்தையின் மரணத்திற்குப் பின் என்று மட்டும் பொருளன்று, அவர் பொறுப்பேற்காத நிலையிலும் தாயே காப்பாளர் என்று விளக்கிற்று. கூடவே இருந்து வளர்த்த தாய்க்கு ஒரு சிறு சொல்லின் பொருளை மீட்க 43 ஆண்டுகள் ஆயின.

1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டத்தில் உங்களுக்குச் சற்று மனவருத்தம் தரக்கூடிய ஒரு பிரிவு உண்டு: வக்கீல் வைத்து வழக்காடுவதைக் கட்சிக்காரர் அங்கே ஓர் உரிமையாகக் கோர முடியாது. நம்மைக் கண்டு சட்டம் ஏன் அஞ்சியது என்பதை நான் என் அநுபவத்தினாலேயே அறிந்துகொண்டேன். வாய்தா வாங்குவதையே சாமர்த்தியம் என்று எண்ணியிருந்த இளம்பருவத்தில், ஒரு தாயின் சார்பில் ஆஜரான நான், குழந்தையைப் பார்க்க அநுமதி கேட்ட தந்தையின் மனுவை, பதிலுரைக்கு ஒரு வாய்தா, உடல்நலமின்மைக்கு ஒரு வாய்தா என்று தள்ளிக்கொண்டே போனேன். மனு போட்டபோது மூன்று வயதாயிருந்த சிறுவனுக்கு உத்தரவு வந்தபோது ஆறு வயது நெருங்கிவிட்டது. சனிக்கிழமை காலையில் நீதிமன்றத் தாழ்வாரத்தில், எண்ணெய் கசிந்த காகிதப் பொட்டலத்தில் முறுக்கும் ஒரு சின்ன லாரி பொம்மையுமாக அந்த மனிதர் வந்து நின்றார், பையன் தாயின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "யாரும்மா அந்த மாமா?" என்று கேட்டான். தாயும் அப்போது தலைகுனிந்தாள் என்பதைச் சொல்லியாக வேண்டும். என் கட்சிக்காரருக்கு நான் தேடித் தந்த வெற்றி அது. அதை வெற்றி என்று அதன்பின் ஒருநாளும் என்னால் கருத முடியவில்லை.

ஆகவே, உங்களிடம் ஒரு தகப்பனோ தாயோ வந்து, மற்றவர் குழந்தையின் முகத்திலேயே விழிக்கக் கூடாது என்று சொல்லும்போது, மனுவை எழுதத் தொடங்குமுன், அந்தக் குழந்தை எந்தப் பள்ளியில் படிக்கிறது, இரவில் யார் பக்கத்தில் படுத்து உறங்குகிறது, பாட்டி தாத்தா யார் யாரிடம் ஒட்டுதல் என்றெல்லாம் கேளுங்கள். அடித்துத் துன்புறுத்தும் பெற்றோரிடமிருந்து குழந்தையைக் காப்பாற்ற வேண்டிய வழக்குகள் உண்டு. அவற்றில் உங்கள் முழுப் பலத்தையும் பிரயோகியுங்கள். ஆனால் கோபத்தில் பிறந்த குற்றச்சாட்டுகளை வாக்குமூலத்தில் ஏற்றிவிடாதீர்கள். வளர்ந்தபின் அந்தப் பிள்ளையே அதை எடுத்து வாசிக்கக்கூடும்.

நீதிபதியாக இருந்த காலத்தில், ஒன்பது வயதுப் பெண் குழந்தை ஒன்றைத் தனியே என் அறைக்கு அழைத்தேன். கால் தரையில் எட்டாத நாற்காலியில், பள்ளிப் பையை மடியில் அணைத்தபடி, நெடுநேரம் மௌனமாக இருந்தது. தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. பிறகு கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "நான் சொல்றதை அம்மாகிட்டயும் அப்பாகிட்டயும் சொல்லிடுவீங்களா, தாத்தா?" என்று கேட்டது. சொல்லமாட்டேன் என்றேன். பையைக் கீழே வைத்துவிட்டு, அதன்பிறகுதான் அது பேசத் தொடங்கியது.